சலோமோனியாவா, பாலிகாலாவா? கதிரின் அடியைப் பாருங்கள்

செப்டம்பர் 6, கேள்வி

வடகேரளத்தில் ஒரு செம்பாறை மேடு. மழைநீர் கசிந்து நிற்கும் புல்தரையில் பூச்சி பிடிக்கும் ட்ரொசீராவும் எரியோகாலன் என்ற ஈரநிலச் செடியும் மண்டிக் கிடக்கின்றன. நடுவே விரல் நீளத்துக்கு ஒரு செடி, நுனியில் இளஞ்சிவப்புக் கதிர். செடியின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி இதைப் பாலிகாலா என்ற பேரினம் என்கிறது. ஆனால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பாலிகாலாவுக்கு உரிய இரண்டு சிறகுகளோ, படகுபோல் குழிந்த அல்லி இதழின் நுனியில் இருக்கவேண்டிய குஞ்சமோ தெரியவில்லை. ஆகவே அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான சலோமோனியா என்று எழுதி வைத்துவிட்டேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

செப்டம்பர் 6, இரவு

உண்டு. பெயரில் இல்லை, காரணத்தில்.

சலோமோனியாவின் பூ 2 முதல் 3 மி.மீ. அந்த அளவுப் பூவைக் கைபேசியில் எடுத்துவிட்டு "குஞ்சம் தெரியவில்லை" என்றால், அது செடியைப் பற்றிய செய்தி அல்ல, கேமராவைப் பற்றிய செய்தி. பாலிகாலாவின் குஞ்சமும் பூ வாடத் தொடங்கியதும் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். மொட்டில் எட்டிப் பார்க்கவே பார்க்காது.

கண்ணுக்கு எது தட்டுப்படுகிறது என்பதை வைத்துப் பெயர் வையுங்கள். கதிர் அடியிலிருந்து நுனியை நோக்கி மலர்கிறது. உச்சியில் மொட்டு, நடுவில் பூ, கீழே காய், மூன்றும் ஒரே கதிரில் இருக்கும். பூவை விட்டுவிட்டுக் கீழே உள்ள காயைப் பாருங்கள். தட்டையாக, நீளத்தைவிட அகலம் கூடியதாக, சிறுநீரக வடிவில், விளிம்பு முழுக்க முக்கோணப் பற்கள் வரிசைகட்டி நின்றால் சலோமோனியா. வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

செப்டம்பர் 7

லென்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 10 மடங்கு போதும். 20 மடங்கு லென்ஸ் வாங்கினால் குவியம் பிடிக்கும் தூரம் குறைந்து, உங்கள் தலையே செடிக்கு நிழல் ஆகிவிடும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை லென்ஸிடம் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: லென்ஸைச் செடியின் மேல் பிடித்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்று எட்டிப் பார்ப்பார்கள். செடியைப் பிடுங்கக் கூடாத இடமென்றால் முழங்கால் போடுவதைத் தவிர வழியில்லை. ஈரத்தரை, ஆகவே ஒரு பாலித்தீன் தாள் கையில் இருக்கட்டும்.

காயை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் பற்கள் தனித்தனியாகத் தெரியும். பச்சைப் பின்னணியில் பச்சைப் பல் தெரியாது. ஒரு வெள்ளை அட்டையைப் பின்னால் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

செப்டம்பர் 9

காயே இன்னும் வராத இளம் செடி என்றால் என்ன செய்வது என்று ஒருவர். நல்ல கேள்வி, பதில் நீளம். தரையிலிருந்து மேலே போகலாம்.

முதலில் இலை அடுக்கு. ஒரு கணுவுக்கு ஒரு இலை, மாறி மாறி வர வேண்டும். எதிரெதிராக இரண்டு இலை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஈரப்பாறையில் இளஞ்சிவப்புக் கதிர் விடும் ரோட்டாலா இப்படித்தான் பலரை ஏமாற்றும். ரோட்டாலாவில் இலைகள் எதிரெதிராகவோ வட்டமாகவோ வரும். பூவும் எந்தப் பக்கம் வெட்டினாலும் சமமாகப் பிரியும்.

இரண்டாவது, கணுவில் உறை. தண்டைச் சுற்றி மெல்லிய காகிதம்போல் ஓர் உறை இருந்தால் பெர்சிகேரியா. சலோமோனியாவில் இலையடிச் செதிலே கிடையாது.

மூன்றாவது தண்டு. விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் உருண்டையாக ஓடாது, கோணங்கள் தட்டுப்படும். அந்தக் கோணங்களின் மேல் குறுகிய சிறகு ஓடுகிறது. இது பூச்சிறகு இல்லை, தண்டுச்சிறகு. இரண்டையும் குழப்பி "சிறகு இருக்கிறது, ஆகவே பாலிகாலா" என்று போட்டவர்களும் உண்டு.

நான்காவது, பூவுக்குக் காம்பு இருக்கிறதா. சலோமோனியாவில் பூக்கள் கதிர்த்தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பாலிகாலாவில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு சிறு காம்பு உண்டு, பூ சற்றே தொங்கும். அந்தக் காம்பு சில பாலிகாலாக்களில் மிகக் குட்டை. ஆகவே காம்பு இருந்தால் சலோமோனியா இல்லை என்று சொல்லலாம். காம்பு இல்லாததுபோல் தெரிவதை மட்டும் வைத்து மறுபக்கம் தாவக் கூடாது.

ஐந்தாவது புல்லி இதழ்கள். இரு பேரினங்களிலும் ஐந்துதான். பாலிகாலாவில் உள்ளே இருக்கும் இரண்டு மட்டும் மற்ற மூன்றைவிடப் பல மடங்கு வளர்ந்து, நிறமும் ஏறி, இரண்டு பக்கமும் சிறகாக விரியும். காய் முற்றிய பிறகும் அவை உதிராமல் அதைப் போர்த்திக்கொண்டிருக்கும். சலோமோனியாவில் ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவு, அல்லது உள்ளிரண்டு கொஞ்சம் பெரிது. காயின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம்போல் நிற்கும், காயை மூடாது.

இந்த ஐந்தும் சேர்ந்தால் காய் இல்லாவிட்டாலும் பேரினம் வரை துணிந்து எழுதலாம். மூன்றுதான் கிடைத்ததென்றால் குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டு, மூன்று வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய்வருவது நல்லது.

செப்டம்பர் 10

"பால் வருகிறதா என்று கிள்ளிப் பார்த்தேன், வரவில்லை, அப்படியானால் இந்தக் குடும்பமே இல்லையா?"

பாலிகாலா குடும்பத்தில் பெயரில்தான் பால். கிள்ளினால் பால் வடிந்தால் அது யூஃபோர்பியா வகையறா. கையைக் கழுவுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள்.

கிள்ளியே ஆக வேண்டுமென்றால் வேரைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். பல பாலிகாலாக்களின் வேரில் மெத்தில் சாலிசிலேட் உண்டு, மூட்டுவலித் தைலப் புட்டியைத் திறந்த வாசனை அடிக்கும். சலோமோனியா கான்டோனியென்சிஸின் வேருக்கும் மணம் உண்டு. ஆனால் மணத்தை வைத்துப் பேரினத்தைப் பிரிக்க முடியாது. குடும்பத்தின் பக்கம் ஒரு கை காட்டும், அவ்வளவுதான். காய்ந்த வேரில் சீக்கிரமே போய்விடும்.

செப்டம்பர் 14

அனுப்பிய படங்களில் ஒன்று பாலிகாலாவேதான். காயின் விளிம்பில் "பல் இருக்கிறதே" என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். அது பல் இல்லை, மயிர்.

பல பாலிகாலாக்களின் காய் விளிம்பில் மெல்லிய மயிர் வரிசை ஓடும். மயிர் அடிமுதல் நுனிவரை ஒரே தடிமன், வெளிறிய நிறம், ஊதினால் அசையும். பல் அடியில் அகன்று நுனியில் கூர்ந்தது, காயின் தோலே நீண்டு வந்தது, காயின் நிறமே அதற்கும். ஊசியால் தள்ளினால் மயிர் வளைந்து திரும்பி வரும், பல் வளையாமல் காயையே நகர்த்தும். படத்தில் ஊசி சோதனை செய்ய முடியாது என்பதால் அடிப்பாக அகலத்தைப் பாருங்கள். அதே படத்தில் காயின் இரண்டு பக்கமும் பச்சைச் சிறகுகள் மூடியிருப்பதும் தெரிகிறது. விளிம்பைப் பார்த்த ஆர்வத்தில் காயைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

உலர்ந்த மாதிரிகளில் பற்களின் நுனி ஒடிந்து மொட்டையாக நிற்பதும் உண்டு. அப்போது ரம்பம்போல் மேடு பள்ளம் மட்டும் மிஞ்சும். மயிர் ஒடிந்தால் விளிம்பு வழவழவென்று ஆகிவிடும்.

செப்டம்பர் 16

முதல் கேள்வி கேட்டவர் காய்ப் படம் போட்டுவிட்டார், வெள்ளை அட்டையோடு. முக்கோணப் பற்கள் எண்ணிவிடும் அளவுக்குத் தெளிவு. சலோமோனியாதான். காம்பே இல்லாத குறுகலான இலை என்பதால் சலோமோனியா சிலியேட்டா. விஷயம் முடிந்தது, ஆனால் இந்த உரையாடல் முடிகிற மாதிரி இல்லை. பாலிகாலாவின் பூ பட்டாணிப் பூவைப்போல் இருக்கிறதே, இரண்டுக்கும் என்ன உறவு என்று ஒருவர் கிளப்பிவிட்டிருக்கிறார்.

செப்டம்பர் 17

உறவு இருக்கிறது, ஒற்றுமை மட்டும் அந்த உறவால் வந்ததல்ல. இரு குடும்பங்களும் ஃபேபேலிஸ் என்ற ஒரே வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசையில் நான்கே குடும்பங்கள்: பயறுக் குடும்பம், பாலிகாலா குடும்பம், சுரியானேசி, குயில்லாஜேசி. ஆனால் படகும் சிறகும் கொண்ட பூவமைப்பை இரண்டு குடும்பங்களும் தனித்தனியாக எட்டியிருக்கின்றன. உறுப்புகளை எண்ணினால் புரியும்.

பட்டாணிப் பூவில் சிறகு என்பது அல்லி இதழ். பாலிகாலாவில் சிறகு என்பது நிறம் மாறிய புல்லி இதழ். பட்டாணியின் படகு இரண்டு அல்லிகள் ஒட்டி உண்டானது. பாலிகாலா, சலோமோனியா இரண்டிலும் படகு ஒற்றை அல்லி. பட்டாணியில் அல்லி ஐந்து, இங்கே மூன்று. பட்டாணியில் மகரந்தத்தாள் பத்து, பாலிகாலாவில் பெரும்பாலும் எட்டு, சலோமோனியாவில் நான்கு முதல் ஆறு. பட்டாணிச் சூலகம் ஒற்றை அறை, இங்கே இரண்டு அறை, அறைக்கு ஒரே ஒரு சூல்.

சலோமோனியாவில் சிறகும் இல்லை, குஞ்சமும் இல்லை. பட்டாணி வேஷத்தைப் பாதி கலைத்துவிட்ட பாலிகாலா என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் பூவை மட்டும் பார்ப்பவர்கள் இதை எந்தக் குடும்பத்திலும் வைக்க முடியாமல் திணறுகிறார்கள்.

செப்டம்பர் 21

மகரந்தத்தாளை எண்ண முயன்று "மூன்று கிடைத்தது, ஒன்றரை கிடைத்தது" என்றெல்லாம் வந்திருக்கிறது. பூவைப் பிரிக்கும் விதத்தில்தான் கோளாறு.

தாள்கள் தனித்தனியாக நிற்பதில்லை. கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தாள் உறையாகி, அந்த உறையும் அடியில் அல்லிகளோடு ஒட்டியிருக்கிறது. அல்லியைப் பிடித்து இழுத்தால் உறை கிழிந்து, பாதி மகரந்தப்பை ஒரு துண்டோடும் பாதி மறு துண்டோடும் போய்விடும். நீங்கள் எண்ணியது உங்கள் கையில் இருந்த துண்டை.

உலர்ந்த பூவென்றால் முதலில் அதை மெத்தென்று ஆக்க வேண்டும். சிறு கிண்ணத்தில் கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. பூ மிதக்கும். பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் மூழ்கிவிடும், மூழ்கினால் தயார். மூழ்காமல் மிதப்பதை எடுத்துப் பிரித்தால் நொறுங்கும். புதிய பூவுக்கு இதெல்லாம் வேண்டாம்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு அதில் பூவைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தண்ணீர் வைத்தால் பிரிப்பதற்குள் காய்ந்துவிடும், பூவும் ஊசியோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ஊசியால் புல்லியைத் தகட்டோடு அழுத்திப் பிடியுங்கள். மறு ஊசியை, படகு கீழே இருக்க, மேல்பக்கத்திலிருந்து செலுத்துங்கள். உறை மேல்பக்கம் திறந்தே இருக்கும், ஆகவே வெட்டத் தேவையில்லை, திறப்பை அகட்டினால் போதும். படகை இரண்டு பக்கமும் விரித்துத் தட்டையாக்கினால் உறையின் விளிம்பில் மகரந்தப்பைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் நுனித் துளை வழியாகத் திறப்பது.

ஊசி: சாதாரணத் தையல் ஊசி இந்தப் பூவுக்குத் தடிமன். பூச்சி குத்திவைக்கும் மெல்லிய ஊசியைப் பென்சில் முனையில் செருகி ஒட்டிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு 20 முதல் 40 மடங்கு காட்டும் இருகண் நுண்ணோக்கி.

செப்டம்பர் 22

நேற்றைய குறிப்போடு ஒன்று. மலர்ந்த பூவை எடுக்காதீர்கள். மறுநாள் மலரப்போகும் மொட்டை எடுங்கள். மலர்ந்த பூவில் பைகள் காலியாகிச் சுருங்கி, உறையின் விளிம்பு எது, பை எது என்று பிரித்தறிய முடியாது. முற்றிய மொட்டில் பைகள் உப்பி, மஞ்சளாக, எண்ணுவதற்கு வசதியாக இருக்கும். ஒரு செடிக்கு ஒரு மொட்டு போதாது, மூன்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை எழுதுங்கள்.

எட்டு வந்தால் பாலிகாலா. நான்கு, ஐந்து வந்தால் சலோமோனியா. ஆறு வந்தால் காயைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்தான்.

செப்டம்பர் 28

சிலியேட்டா, கான்டோனியென்சிஸ் இரண்டும் இந்தியாவில் உண்டு. தென்னிந்திய ஈரத்தரைகளில் கிடைப்பது சிலியேட்டா. கான்டோனியென்சிஸுக்கு வடகிழக்கு மாநிலங்களும் அதற்குக் கிழக்கும்.

பிரிப்பது சுலபம், இலை போதும். கான்டோனியென்சிஸில் இலைக்கு 1.5 முதல் 2 மி.மீ. காம்பு உண்டு, இலை அடி அகன்று இதய வடிவம், அகலம் ஒரு செ.மீ. வரை போகும். சிலியேட்டாவில் காம்பு இல்லை அல்லது இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவு, இலை நீள்முட்டை வடிவம், அகலம் 2, 3 மி.மீ.தான். இரண்டிலும் அடியிலிருந்து மூன்று நரம்புகள்.

இலை ஓர மயிரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சிலியேட்டா என்றால் ஓர மயிர் கொண்டது என்று பொருள், ஆகவே அதைத் தேடுகிறார்கள். அது செடிக்குச் செடி மாறும், ஒரே செடியில் மேலிலையில் இருந்து கீழிலையில் இல்லாமலும் போகும். பழைய தாவரநூல்களில் ஆப்லாங்கிஃபோலியா என்று தனிச் சிற்றினமாக இருந்ததும் இப்போது சிலியேட்டாவுக்குள்தான் வருகிறது. பழைய ஹெர்பேரியத் தாள்களில், அதாவது செடியை உலர்த்தி ஒட்டிவைத்த தாள்களில், அந்தப் பெயரைப் பார்த்தால் மூன்றாவது ஒன்று கிடைத்துவிட்டதாகக் குதிக்க வேண்டாம்.

அக்டோபர் 3

"மொத்தம் எத்தனை சிற்றினம்? ஒரு இடத்தில் ஐந்து, இன்னொரு இடத்தில் பத்துக்கு மேல் என்கிறார்கள்."

இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்பது எப்பிரிக்சாந்தஸ். 1823இல் தாவரவியலாளர் புளூமே வைத்த பெயர். பச்சையமே இல்லாத செடிகள், காட்டுத் தரையின் இலைக்குப்பைக்குள் பழுப்பாகவோ வெளிறிய சிவப்பாகவோ ஒரு குச்சியும் அதன் நுனியில் ஒரு கதிரும். இலைகள் செதிலாகச் சுருங்கிவிட்டன. உணவு முழுக்கப் பூஞ்சையிடமிருந்து வருகிறது, அதுவும் சாதாரணப் பயிர்களின் வேரில் குடியிருக்கும் ஆர்பஸ்குலர் வகைப் பூஞ்சையிடமிருந்து. ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் பலவற்றை அதன் பசுங்கணிகம் தொலைத்துவிட்டது.

பூ அமைப்பு சலோமோனியாவோடு மிக நெருக்கம் என்பதால் இதைச் சலோமோனியாவுக்குள்ளேயே சேர்த்தவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். டிஎன்ஏ ஆய்வில் இரண்டும் ஒட்டிய கிளைகளாக வருகின்றன, ஆகவே தனித்தனியாக வைப்பதும் முறைதான். இப்போது பெரும்பாலும் பிரித்தே வைக்கிறார்கள். சலோமோனியாவில் ஐந்துக்கு அக்கம்பக்கம், எப்பிரிக்சாந்தஸில் பத்துக்கு அக்கம்பக்கம்.

களத்தில் இரண்டையும் குழப்ப வாய்ப்பே இல்லை. ஒன்று வெயிலில் நிற்கும் பச்சைச் செடி, மற்றது இருட்டில் நிற்கும் பழுப்புக் குச்சி. எப்பிரிக்சாந்தஸின் காயில் அந்தப் பற்களும் இல்லை. குழப்பம் வருவது பர்மானியா குடும்பத்துச் செடிகளோடு. அவை ஒருவித்திலை என்பதால் பூவின் பகுதிகள் மும்மூன்றாக இருக்கும்.

அக்டோபர் 4

பழைய நூல்களில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சலோமோனியா என்ற பெயரை 1790இல் தாவரவியலாளர் லூரேரோ, லிஸ்பனில் வெளியான 'ஃப்ளோரா கொச்சின்சினென்சிஸ்' நூலில் வைத்தார். அதற்கு முன்பே 1759இல் அதே பெயர் வேறொரு செடிக்கு, இப்போது பாலிகோனேட்டம் எனப்படும் பேரினத்துக்கு, வைக்கப்பட்டிருந்தது. முந்தியதற்கே உரிமை என்பது விதி. ஆனால் லூரேரோவின் பெயர் புழக்கத்தில் வேரூன்றிவிட்டதால் அதைக் காப்புப் பெயராக அறிவித்து, முந்தியதை நிராகரித்துவிட்டார்கள்.

நடைமுறையில் இதனால் என்ன? தரவுத்தளத்தில் சலோமோனியா என்று மட்டும் தட்டினால் ஐரோப்பிய, சீனக் காடுகளின் கிழங்குச் செடி ஒன்று வந்து நிற்கலாம். பேரினப் பெயரோடு லூரேரோவின் சுருக்கத்தையும் சேர்த்துத் தேடுங்கள். சிலியேட்டா லின்னேயஸ் காலத்தில் பாலிகாலாவாக இருந்தது. டி காண்டோல் 1824இல்தான் இதை இந்தப் பேரினத்துக்கு மாற்றினார். ஆக அந்தச் செயலி ஒரு இருநூறு ஆண்டு பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 12

அழுத்தி உலர்த்துவது பற்றி. காப்புக்காடோ சரணாலயமோ என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடிகூட எடுக்கக் கூடாது. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

10 செ.மீ. செடியை 42க்கு 28 செ.மீ. தாளில் ஒற்றையாக ஒட்டினால் யாருக்கும் பயனில்லை. ஒரே இடத்தில் எடுத்த ஆறேழு செடிகள் வேரோடு ஒரு தாளில் இருக்க வேண்டும். ஒன்றில் இளங்கதிர், ஒன்றில் முற்றிய காய் என்று கலந்து எடுங்கள். ஆறேழு எடுத்த பிறகும் அந்த இடம் வெறிச்சோடாமல் இருந்தால்தான் எடுக்கலாம். நூற்றுக்குக் குறைவாக இருக்கும் இடத்தில் படத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை.

வேரின் மண்ணை அங்கேயே தண்ணீரில் அலசுங்கள். செம்பாறை மண் உலர்ந்தபின் உதிராது, தாளெல்லாம் கறையாகும். செடி மெல்லியது, பையில் போட்டு அரை மணி நேரம் நடந்தால் கயிறாகத் திரிந்துவிடும். ஆகவே களத்திலேயே செய்தித்தாளுக்குள் வைத்து விடுங்கள். முதல் மூன்று நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். ஈரநிலச் செடி என்பதால் மாற்றாவிட்டால் இரண்டாம் நாளே பூஞ்சை வரும், கதிர் கறுக்கும்.

பூவின் நிறம் காய்ந்தால் நிற்காது. அங்கேயே எழுதிவிடுங்கள். உதிரும் காயையும் விதையையும் போட ஒரு சிறு காகித உறை மடித்துத் தாளின் மூலையில் ஒட்டுங்கள். பின்னால் பார்ப்பவர் முதலில் திறப்பது அந்த உறையைத்தான்.

விதையும் ஒரு சான்று. சலோமோனியா விதை சுமார் 1 மி.மீ., கறுப்பு, மயிரில்லாமல் பளபளப்பாக இருக்கும், நுனியில் விதைமுண்டு என்ற சிறு சதைமேடு இல்லை அல்லது மிகச் சிறிது. பாலிகாலா விதையில் பட்டுபோன்ற மயிரும், தொப்பி கவிழ்த்ததுபோல் வெள்ளை முண்டும் இருக்கும். உறையில் நான்கு விதை கிடைத்தாலே பேரினம் சொல்லிவிடலாம்.

அக்டோபர் 19

வளர்க்க முடியுமா என்பவர்களுக்கு: செடியைப் பெயர்த்து வந்து நடாதீர்கள். இது ஒரு பருவச் செடி. பூத்த செடியை எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தாலும் காய்த்ததும் காய்ந்துபோகும், அதன் ஆயுள் அவ்வளவே. விதைதான் வழி.

ஒரு காயில் இரண்டே விதை. முப்பது காய் பிடித்த கதிரில் அதிகபட்சம் அறுபது, அதில் மேற்பாதி முற்றியிருக்காது. கதிரின் அடி மூன்றில் ஒரு பங்கில் பழுப்பேறிய காய்களை மட்டும், கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டி எடுங்கள். தட்டி விழாதது முற்றாதது, அதை உருவினால் பிஞ்சு விதைதான் வரும்.

மண் ஏழையாக இருக்க வேண்டும். ட்ரொசீரா வளர்ப்பவர்களின் முறைதான் இதற்கும்: கழுவிய கரடு மணல் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, உரம் சுழியம். தென்னைநார்க் கழிவை மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். 10 செ.மீ. தொட்டி, அடியில் ஒரு தட்டு, தட்டில் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. தண்ணீர். விதையை மேலே தூவி, அதை மறைத்தும் மறைக்காத அளவு மணல் போதும். அரை செ.மீ. ஆழத்தில் புதைத்தால் இவ்வளவு சிறு விதை மேலே வரச் சத்து இருக்காது. முழு வெயில் வேண்டும்.

தோற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேற்பரப்பில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றை மூடுவது. உரமோ உப்புத் தண்ணீரோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு, கூடவே முளைக்கும் கோரை. அது நாற்றைவிட வேகமாக உயர்ந்து நிழல் கட்டும். கோரையைப் பிடுங்கினால் நாற்றும் கூட வந்துவிடும், ஆகவே சிறு கத்தரியால் தரையோடு வெட்டுங்கள், திரும்ப வளர்ந்தால் திரும்ப வெட்டுங்கள்.

அக்டோபர் 20

"நல்ல தண்ணீர்" என்று நேற்று எழுதியதை யாரோ குழாய்த் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைநீர், அல்லது உப்பு நீக்கிய வடிநீர். கிணற்று, ஆழ்துளைத் தண்ணீரின் சுண்ணாம்பு தட்டுமுறையில் வெளியேற வழியில்லாமல் மேலேறிக்கொண்டே போகும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவாகத் தெரியும். அந்தப் படிவு தெரிந்த நாளில் காரியம் கைமீறியிருக்கும்.

நவம்பர் 2

மழை நின்றுவிட்டது, போய்ப் பார்த்தால் இருக்குமா என்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை ஓயும்போது தொடங்கி டிசம்பர் வரை, தரை ஈரமாக இருக்கிற இடத்தில் இருக்கும். தண்ணீர் தேங்கி நிற்கும் குழியின் நடுவில் தேடாதீர்கள், அங்கே உட்ரிகுலேரியாவும் எரியோகாலனும்தான். குழியின் கரையிலிருந்து ஒரு படி ஏறி, மிதித்தால் நீர் கசியும் ஆனால் தேங்காத புல்தரையில் பாருங்கள். நெல்வயல் வரப்பின் சரிவிலும் வரும்.

தரை காய்ந்துவிட்டால் செடி வைக்கோல் நிறத்துக்கு மாறி, காய்கள் உதிர்ந்து, வெறும் கதிர்த்தண்டுதான் நிற்கும். அதை வைத்துப் பெயர் சொல்லச் சொன்னால் முடியாது. ஆனால் தண்டைச் சுற்றிய மண்ணை ஒரு தேக்கரண்டி எடுத்து, தண்ணீரில் கலக்கி, மெல்லிய சல்லடையில் வடித்துப் பாருங்கள். 1 மி.மீ. பளபளக்கும் கறுப்பு விதைகளும், அதிர்ஷ்டம் இருந்தால் பல் வைத்த காய்த்தோலின் பாதியும் கிடைக்கும். பார்த்து முடித்ததும் மண்ணையும் விதையையும் எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள், அடுத்த ஆண்டுச் செடி அதில்தான் இருக்கிறது.